யாருக்கும் சொந்தமில்லாத அலைவரிசை

வானத்தைப் பட்டா போட்டு விற்பார்களா என்று கேட்டால், விற்பார்கள். அரசாங்கம் ஏலம் விடும், செல்போன் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்த அலைவரிசைக்குள் வேறு யாராவது தலையை நீட்டினால், தேடிப் பிடித்து வெளியே அனுப்புவதற்கென்றே ஆட்கள் உண்டு. சுப்ரஜாவுக்கு அந்த உத்தியோகம்தான். கோயம்புத்தூர்க்காரி. ஒரு கையில் ஆன்டெனா, தோளில் மீட்டர், புனே முழுக்க மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்குவாள்.

அன்று மதியம் மீட்டர் அவளை மகர்பட்டாவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிப்போனது. கதவைத் திறந்த பெண்ணின் பெயர் கிரிஜா. கழுத்தில் ஆபீஸ் ஹெட்செட் தொங்கியது. சுப்ரஜாவின் ஹிந்தியைக் கேட்டதுமே, "தமிழா? உள்ள வாங்க" என்றாள்.

"அமெரிக்காவுல இருந்தீங்களாங்க?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? போன வருஷம்தான் வந்தோம்."

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது! அமெரிக்காவிலிருந்து திரும்புகிற நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றே ஒன்றுதான். கரண்ட் ஒத்துவராது என்று மிக்ஸியை அங்கேயே விட்டுவிடுவார்கள். கார்ட்லெஸ் போனை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்து, அடாப்டர் வாங்கி மாட்டிவிடுவார்கள். அது பேசுகிற அலைவரிசை அங்கே பொதுவழி, இங்கே அடுத்தவன் வீட்டுக் கூடம் என்பது பாவம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

இந்த வீட்டில் கார்ட்லெஸ் போன் இல்லை. சோபாவின் கைப்பிடியில் அங்கிருந்து கொண்டுவந்த குழந்தை மானிட்டர் இருந்தது. குழந்தை அறையில் ஒரு பெட்டி கேட்கும், இந்தப் பெட்டி சொல்லும். அதிலிருந்து மெல்லிய மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சு விட்டு முடிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு விக்கல்.

"குழந்தை தூங்குதுங்களா?" சுப்ரஜா குரலைத் தாழ்த்தினாள்.

கிரிஜா எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தாள். தொட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மடித்து ஓரத்தில் வைத்திருந்தார்கள்.

"அம்மு போயிட்டாக்கா. இங்க வந்த புதுசுல. காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனோம், திரும்பித் தூக்கிட்டு வரல." கிரிஜாவின் குரல் உடையவில்லை, சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்தது. "இதைத் தூக்கிப் போடலாம்னு ஆன் பண்ணிப் பாத்தேன். கேட்டுது. என் வீட்டுக்காரர் ஃபேன் சத்தம்ங்கறார்."

சுப்ரஜா ஃபேனை நிறுத்தினாள். ஏசியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். தொட்டிலருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கூடத்தில் மட்டும் பெட்டி நிதானமாக மூச்சு விட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜோடி சேர்ந்த பெட்டி இன்னொரு வீட்டுச் சத்தத்தை வாங்காது என்று படித்த படிப்பு வாயை அடைத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆனால் வந்த வேலை இருக்கிறதே. சொல்லித்தான் ஆகவேண்டும்.

"நீங்க தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு. இந்தப் பொட்டியாலதான் இந்தப் பக்கம் போன் எல்லாம் கட்டாகுது. கீழ் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு அடைச்சு, அவரு மக ஆம்புலன்ஸுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்திருக்குது. லைனே நிக்கல. கடைசில ஆட்டோலதான் போனாங்க. பொழச்சுட்டாரு. அடுத்த வாட்டி எப்படியோ."

யாரும் கேட்காமல் கிரிஜா தானே கையை நீட்டிப் பெட்டியை அணைத்தாள். மீட்டர் திரையில் எழும்பி நின்ற சிக்னல் மேடு சட்டென்று தரையோடு படுத்தது. வழக்கமாக அந்த நொடியில் சுப்ரஜாவுக்கு ஒரு குஷி வரும். இன்று வரவில்லை.

"அவ இனிமே எங்கக்கா போவா?"

பெட்டியை வாங்கிக்கொண்டு தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்த சுப்ரஜாவுக்கு மனசு தாங்கவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று சொல்லிவிட்டாள்: "இங்கத்து மானிட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க. அது லைசென்ஸ் வேண்டாத அலைவரிசை. யாருக்கும் சொந்தமில்ல, யாரும் யாரையும் போன்னு சொல்ல முடியாது. எங்க பையனுக்குக்கூட அதுதான் வெச்சிருக்கோம். யாரு வேணும்னாலும் வரலாமுங்க."

சொல்லும்போது அணைத்த பெட்டி அவள் கையில்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். புனேயின் மறுகோடியில், வாகட்டில், சுப்ரஜாவின் வீடு. கணவன் பத்ரி காய்கறி வாங்கப் போயிருந்தான். சுப்ரஜா கூடத்தில் உட்கார்ந்து, கைக்குழந்தை சபரிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த மானிட்டர் மூச்சு விட்டது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. பழக்கத்தில், பையன் தொட்டிலில் தூங்குகிறான் என்றே நினைத்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். சபரி கண்ணை விரியத் திறந்து, குடிப்பதை நிறுத்திவிட்டு, தொட்டில் இருந்த அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியில் மூச்சு முடிகிற இடத்தில் சின்ன விக்கல்.

ஐயோ என்றாகிவிட்டது அவளுக்கு. பையனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எழுந்தாள். என் பிள்ளை படுக்கிற தொட்டில் அது. போ, இது எங்கள் வீடு என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் வெளியேற்றியவளுக்கு, தன் வீட்டில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பெட்டியை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று மேஜைக்குப் போனாள். விரல் பொத்தானைத் தொட்டபோது போன் அடித்தது.

கிரிஜா.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வாங்கிட்டேன். ராத்திரி பகலா வெச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமே கேக்கலக்கா. அவளுக்கு வழி தெரியல போல." இப்போது அந்தக் குரல் உடைந்தது. "நான் அணைச்சிருக்கக் கூடாதுக்கா. நானே வெளிய தள்ளிட்டேன்."

போனைத் தோளில் இடுக்கியிருந்த சுப்ரஜாவின் விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அழுத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நெஞ்சோடு பிடித்த பிள்ளையின் சூட்டில் அவளுக்கு வியர்த்தது. பயம் போகவில்லை, கடைசிவரை போகவில்லை.

விரலை எடுத்தாள். போனைப் பெட்டியின் அருகில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

அந்தப் பக்கம் கிரிஜா ரகசியம்போலக் கேட்டாள்: "தூங்கறாளாக்கா?"

"தூங்கறா கண்ணு. நீங்க பொறுமையா வாங்க. என் பையன் இன்னிக்கு எங்கூடப் படுத்துக்குவான்."