நாலாவது தோள்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்திருந்தது. ஹேமலதா அதை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, முன்பின் பார்த்திராத ஒருவன் ரோஜா மாலையோடு பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தான்.

மாலையைப் போட்டான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். சாவு வீட்டுக்கு வருகிறவனை நீ யார் என்று யார் கேட்கப் போகிறார்கள்? அப்பா வேலை பார்த்த பவர்லூம் முதலாளி அனுப்பிய ஆள் என்று நினைத்து, அம்மா உண்ணாமலை அழுகைக்கு நடுவிலும் அவனுக்கு நாற்காலி போடச் சொன்னாள். அவன் உட்காராமல் நேராக ஹேமலதாவிடம் வந்தான்.

"மேடம், நான் ராஜ்குமாருங்க. தேசூரு அம்மணியோட தம்பி. அப்பா தவறிட்டாருன்னு அக்காதான் ஜெயில் போன்ல சொல்லிச்சு. போய்ப் பாருடான்னு ஒரே அழுவ."

ஹேமலதா அம்மா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவனைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

அம்மணி பெண்கள் சிறையில் தண்டனைக் கைதி. ஹேமலதா அங்கே பயிற்சிக் காவலர். காக்கியின் மொடமொடப்புகூட இன்னும் போகவில்லை. சொந்த ஊரைப் பற்றிக் கைதியிடம் வாயே திறக்கக் கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். பரீட்சையில் அதை அழகாக எழுதி மார்க்கும் வாங்கியவள்தான். ஆனால் அப்பாவுக்கு முடியவில்லை என்று செய்தி வந்த அன்று, மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் "அழாதம்மா, எந்த ஊரு நீ?" என்று அம்மணி ஊர்ப் பேச்சில் கேட்டதும் பாடமெல்லாம் பறந்துவிட்டது. நம்ம பக்கத்து ஆளாயிற்றே. ஆரணி என்றாள், தெருவைச் சொன்னாள், அப்பா தறி ஓட்டும் ஷெட் வரைக்கும் சொல்லித் தீர்த்தாள். சொன்ன பிறகு மனசு லேசாகக்கூட இருந்தது. புத்தி கெட்ட மனசு.

"அக்காவுக்கு உங்கள வுட்டா உள்ள யாரு இருக்காங்க? சின்ன போன் ஒன்னு. டூட்டிக்குப் போறப்ப எடுத்துக்கினு போனாப் போதும்."

"அதெல்லாம் முடியாது." ஹேமலதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். வூட்டு அட்ரஸ நீங்கதான குடுத்தீங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலைதான் போவும். அம்மா வேற இனிமே தனியா இருப்பாங்க."

கடைசியாகச் சொன்னதை அவன் பரிவாகத்தான் சொன்னான். மிரட்டல் அதில்தான் இருந்தது. அப்பா மாணிக்கவேல் பள்ளிக்கூட மைதானத்தில் அவளை ஓடவிட்டு, தானும் இரைக்க இரைக்கப் பின்னாலேயே ஓடி வாங்கிக் கொடுத்த வேலை அது.

தப்பட்டை அதிர்ந்தது. அப்பாவைப் பாடையில் ஏற்றிவிட்டார்கள். சித்தப்பா மகன் சதீஷ் கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டான். தூக்க ஓர் ஆள் குறைந்தது; பெரியப்பா ஜெயக்குமாருக்கு முட்டிவலி.

"ஜல்தி யாராவது வாங்கப்பா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ராஜ்குமார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். பாடை எழுந்தது.

"யார் பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும்" என்று உண்ணாமலை கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பாவைச் சுமந்தவன். இனி அவன் என்ன கேட்டாலும் இந்த வீடு இல்லை என்று சொல்லாது. தப்பு நடந்தால் மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே வந்து என்னிடம் சொல்லிவிடு என்பார் பயிற்சி அதிகாரி அன்புச்செல்வி. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் இவன் வருவான்.

போனை எடுத்தாள். விரல் வேறு யாருடைய பெயரிலோ பட்டது. அழித்துவிட்டு மறுபடி தேடினாள். தப்பட்டைச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மேடம், ஹேமலதா பேசறேன். ஒரு கைதிகிட்ட எங்க வூட்டச் சொல்லிட்டேன். அவங்க தம்பி இங்க வந்து, உள்ளே போன் எடுத்துக்கினு போவச் சொல்றாரு. பேரு ராஜ்குமார். அப்பாவோட பாடையத் தூக்கிக்கினு நிக்கிறாரு, மேடம்."

பந்தலே திரும்பிப் பார்த்தது. போனில் அன்புச்செல்வியின் குரல் வந்தது.

"லைன வெக்காத. இன்னொரு போன்ல ஸ்டேஷனுக்குச் சொல்றேன். தனியா மட்டும் நிக்காத."

ராஜ்குமார் மூங்கிலை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவினான். பாடை அந்தப் பக்கம் சாய்ந்தது. ஹேமலதா ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள்.

"பொம்பள தூக்கக்கூடாதும்மா" என்றார் பெரியப்பா. ஆனால் மாற்றிக்கொள்ள யாரும் வரவில்லை.

அவள் குள்ளம். அப்பாவின் தலை அவள் பக்கமே சரிந்திருந்தது. முன்னால் போகிறவர்களைப் பார்த்து அவளும் அடியெடுத்து வைத்தாள். இடுப்பில் செருகிய போனின் மறுமுனையில் அன்புச்செல்வி இன்னும் லைனை வைக்கவில்லை.