ஓரெழுத்து தள்ளி நின்ற வண்டி

ஜீவனஹள்ளி சரசுவிடம் இரண்டு சிம்மாசனங்கள் இருந்தன. தங்க வர்ணம், சிவப்பு வெல்வெட், கைப்பிடி தோறும் வாய் பிளந்த ஒரு சிங்கம். ரிசப்ஷன்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார அவற்றை வாடகைக்கு விடுவதுதான் அவள் தொழில். ஏற்றிப் போக ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தாள். அதில் கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன மாதமே, குடகில் ஒரு எஸ்டேட்காரரிடம் தேடிப் பிடித்து வாங்கியது. ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் கோவிந்தப்பாவுக்கு அந்த வண்டியின் மேல் ஒருநாளும் மரியாதை வந்ததில்லை. கிளட்ச் இல்லாததை வண்டி என்றே சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அல்சூரில் ஒரு ரிசப்ஷன். இரண்டு மணிக்கே சிம்மாசனங்களை ஏற்றிக் கட்டிவிட்டு, சரசு வண்டியை ஸ்டார்ட் செய்து லீவரை முன்னால் போகும் டி-க்குத் தள்ளினாள். வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் உறுமியதே தவிர, சக்கரம் ஓர் அங்குலம்கூட உருளவில்லை. ரிவர்ஸில் போட்டாள். அதற்கும் அசைவில்லை.

தெருவில் ஆட்கள் கூடுவதற்குள் ஓரமாகத் தள்ளி நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். பக்கத்து ஜூஸ் கடை மஞ்சுநாத்தும் கோவிந்தப்பாவும் பின்னால் போய்க் கை வைத்தார்கள். தள்ளுவதற்கு வாகாகச் சரசு லீவரை நியூட்ரலுக்கு மாற்றினாள். அவ்வளவு நேரம் பிடிவாதமாக நின்ற வண்டி, தள்ளுகிறவர்களை நோக்கிப் பின்னாலேயே கிளம்பியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாவினார்கள். சரசு பிரேக்கில் ஏறி நிற்பதற்குள் மஞ்சுநாத் கடையின் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டன. பதற்றத்தில் லீவரை டி-க்கு இழுத்து, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"தள்றவங்களையே முட்ட வர்ற வண்டிய இப்பதான் பாக்கறேன்" என்றார் கோவிந்தப்பா, வேட்டியைத் தட்டிக்கொண்டே.

அடுத்த தெரு மெக்கானிக் வெங்கடசாமியைக் கூட்டி வந்தார்கள். முப்பது வருஷமாக லாரிகளைப் பிரித்து மாட்டுகிறவர். ஆட்டோமேட்டிக் வண்டியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவுமில்லை. பாரம் இருக்கக் கூடாது என்று முதல் வேலையாகச் சிம்மாசனங்களை இறக்கச் சொன்னார். இறக்கியதும் ஒன்றில் கோவிந்தப்பாவும் மற்றொன்றில் மஞ்சுநாத்தும் உட்கார்ந்து, நடுத்தெருவிலிருந்து யோசனை வழங்க ஆரம்பித்தார்கள்.

வெங்கடசாமி கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தீஞ்சுபோச்சுக்கா. உள்ள பிளேட்டெல்லாம் கருகியிருக்கும். கியர் பாக்ஸை எறக்கணும். ஒரு வாரம் ஆவும்."

மண்டபத்தில் நாலு மணியிலிருந்தே போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். இருந்தாலும் அந்தக் கம்பியை வாங்கி அவளும் மோந்தாள். எண்ணெய் ரோஸ்மில்க் போலச் சிவப்பாக, வாடையே இல்லாமல் இருந்தது. கறுத்துத் தீய்ந்தால்தான் பயப்பட வேண்டும் என்று எஸ்டேட்காரர் சொல்லியிருந்தார். தீய்ந்த வாடை வெங்கடசாமியின் விரலில்தான் வந்தது. அவர் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சொன்னால் மனுஷன் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று வாயை மூடிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனது.

அப்போதுதான் லீவரைப் பார்த்தாள். அது இன்னும் டி-யில் இருந்தது.

வாங்கிய புதிதில் ஒருநாள் இதே போல லீவரை டி-யில் விட்டுவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று குடகுக்குப் போன் போட்டு, எஸ்டேட்காரர் சிரித்தது அவளுக்கு மறக்கவில்லை. இந்த வண்டி பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் ஒழிய ஸ்டார்ட் ஆகாது. சரசு கியர் எழுத்துகளின் மேல் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டினாள்.

"அண்ணா, இது டி-ல ஸ்டார்ட் ஆவாது. இப்ப ஆவுது."

"அதான் சொல்றனே, மொத்தமா கெட்டுப்போச்சு."

"இல்லண்ணா. மேல நான் டி-ன்னு சொல்றேன், கீழ அதுக்கு நியூட்ரல்னு கேக்குது. நியூட்ரல்னு சொன்னா ரிவர்ஸ்னு கேக்குது. ஒரு எழுத்து தள்ளித் தள்ளிக் கேக்குது. பாக்ஸ் நல்லாதான் கீது. லீவருக்கும் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற கேபிளப் பாருங்க."

சரசு இன்ஜினை அணைத்ததும் வெங்கடசாமி வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. டி-யில் போடச் சொன்னார், ரிவர்ஸில் போடச் சொன்னார், மறுபடி டி-யில் போடச் சொன்னார். பிறகு ஒரு கை வெளியே நீண்டது. அதில் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு.

கேபிள் நுனியைப் பிடித்துக்கொள்ளும் புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையம் பொடிந்து உதிர்ந்திருந்தது. அதனால் லீவர் இழுக்கும் தூரத்தில் பாதி வீணாகி, கேபிள் ஓட்டைக்குள் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. புதுசு கிடைக்கும்வரை தாங்கட்டும் என்று, அடுப்பு கேஸ் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகி, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டையால் இறுக்கினார்.

சோதித்துப் பார்க்கும்போது, பட்ட அனுபவத்தில், யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்கவில்லை. எல்லோரும் முன்னால் நின்றார்கள். சரசு டி-யில் போட்டாள். வண்டி ஒழுங்காக முன்னால் வந்தது. எல்லோரும் ஓடினார்கள்.

மணி ஐந்தாகிவிட்டது. கயிறு கட்ட நேரமில்லை. சிம்மாசனங்கள் சாயாமல் பிடித்துக்கொள்ளக் கோவிந்தப்பா பின்னால் ஏறினார். நின்று பிடித்துப் பார்த்து, பள்ளம் மேடு தாங்காமல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். காக்ஸ் டவுன் சிக்னலில் இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது ஆள் எடுக்கும்போது சிங்கத்தின் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஐந்தரைக்கு மண்டபத்தில் இறக்கியாகிவிட்டது.

எண்ணெயை மோந்த மாத்திரத்தில் கேபிள்தான் என்று தெரிந்துவிட்டதாக வெங்கடசாமி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சரசு மறுக்கவில்லை. வியாழக்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது. யாரோ ஒரு டாக்டரம்மாவின் கார் வந்திருக்கிறதாம், அதுவும் ஆட்டோமேட்டிக்காம், அக்கா சும்மா இந்தப் பக்கம் நடந்து வர முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். குக்கர் இறங்கியதும் வருவதாகவும், அதுவரை எதையும் கழற்ற வேண்டாம் என்றும் சரசு சொன்னாள்.