முழியன் மீனின் வயது

கொச்சியில் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து ரீனா கணுக்காலை முறித்துக்கொண்டாள் என்று தகவல் வந்ததும், ஆண்டனிராஜ் பதறியடித்து வாடகைக் காரெடுத்துக்கொண்டு ஓடினான். மாவுக்கட்டோடு அவளைத் திண்டுக்கல் மேட்டுப்பட்டி வீட்டில் கொண்டுவந்து சேர்த்து, காலுக்கடியில் தலையணை வைத்த பிறகுதான் தனக்குள் ஒரு சந்தோஷம் குறுகுறுப்பதைக் கவனித்தான். கல்யாணமாகி நாலு வருஷம். அவளுக்குக் கொச்சியில் மீன் ஆராய்ச்சி. அவனுக்கு வேடசந்தூர் நூற்பாலையின் பரிசோதனைக் கூடம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் குடித்தனம். இப்போது முழுசாக ஆறு வாரம் இருப்பாள். ஒடிந்த காலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ரீனா சும்மா இருக்கிறவள் இல்லை. மூன்றாம் நாளே மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். கேரளக் கரைக்கு அப்பால், அரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இழுவலையில் சிக்கும் ஒரு மீன்தான் அவள் ஆராய்ச்சி. கண் பெரிதாக இருப்பதால் படகுக்காரர்கள் முழியன் என்பார்கள். அதன் தலைக்குள் புளியங்கொட்டையில் பாதியளவு ஒரு கல் உண்டு. காதுக் கல். அதை மெல்லிசாகச் சீவிப் படமெடுத்தால் வளையம் வளையமாகத் தெரியும். வருஷத்துக்கு ஒன்று.

"ஒரே கல்லை ரெண்டு பேர் எண்ணணும். ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. என்கூட எண்ணுனவ மாறுதலாகிப் போயிட்டா" என்று அலுத்துக்கொண்டாள்.

"நான் எண்ணுறேனே."

"நீங்களா?"

"மில்லுல நான் என்ன பண்றேன்? பஞ்சைக் கறுப்புப் பலகையில விரிச்சு, கடுகைவிடச் சின்ன முடிச்சை எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவளுடைய மேலதிகாரி அப்துல் லத்தீப், பழக்கிப் பாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். சின்ன மீன்களின் முப்பது படங்களில் ஆண்டனிராஜ் தேறினான். அதன்பிறகு மில்லிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, அவள் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு எண்ணுவது வழக்கமாயிற்று.

"என் கால் ஒடிஞ்சதுல உங்களுக்குக் கொண்டாட்டம்" என்றாள் ஒருநாள், தலையை நிமிர்த்தாமல்.

"சேச்சே" என்றான். காது சிவந்துவிட்டது.

முதல் ஐம்பது கல்லை ஒப்பிட்ட அன்றுதான் சண்டை வந்தது. சின்ன மீன்களில் இருவர் கணக்கும் ஒத்துப்போனது. பெரிய மீன்களில் அவள் இருபத்தாறு என்ற இடத்தில் அவன் நாற்பத்தேழு என்றிருந்தான்.

"கண்ட கோட்டையெல்லாம் எண்ணி வச்சிருக்கீங்க. இது பஞ்சு இல்லங்க. எட்டு வருஷமா இதைப் பார்க்குறேன் நான்."

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. காலையில் பிளாஸ்க்கில் டீயும், தட்டில் இட்லியும், கை எட்டும் தூரத்தில் மாத்திரையும் மட்டும் வைத்துவிட்டு பஸ் ஏறினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "செத்த நேரம் உட்காருங்க. எதை எண்ணுனீங்கன்னு காட்டுங்க."

அவன் ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனான். நடுவிலிருந்து இருபத்தாறுவரை அவள் தலையாட்டினாள். ஓரத்துக்கு வந்ததும், "இங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. இது வளையமில்ல, வெறும் கசங்கல்" என்றாள்.

"கசங்கல்னா இடைவெளி தாறுமாறா இருக்கணுமில்ல? இது சீரா இருக்கு, பாரு. சின்ன வயசுல வேகமா வளர்ந்துச்சு, வளையம் அகலமா விழுந்துச்சு. அப்புறம் மெதுவாயிருச்சு. நெருக்கமா இருக்குன்னு எண்ணாம விட்டா மில்லுல என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

ரீனா படத்தைப் பெரிதாக்கினாள். உதடு அசைய எண்ணினாள். நாற்பத்தைந்து. மறுபடி எண்ணினாள். நாற்பத்தாறு. வேறொரு பெரிய மீனை எடுத்தாள். அதுவும் அப்படியே. மடிக்கணினியைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"இந்த மீனுக்கு ஆயுசு இருபத்தெட்டுன்னு போன வருஷம் எழுதுனது நான்தாங்க. அதை வச்சுத்தான் இம்புட்டுப் பிடிக்கலாம்னு அரசாங்கத்துக்குப் பரிந்துரை போயிருக்கு. அம்பது வருஷம் இருக்குற மீன் நிதானமாத்தானே குஞ்சு பொரிக்கும்? அள்ளிக்கிட்டே இருந்தா என்னாகுறது?"

அவனுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த அவள் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"லத்தீப் சாருக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றாள் கடைசியில்.

அவர் திட்டவில்லை. எல்லாக் கல்லையும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார். வளையத்தை மட்டும் நம்பாமல், கல்லிலுள்ள கதிரியக்கத்தை அளந்தும் வயதைச் சரிபார்க்கச் சில கற்களை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். கட்டுப் பிரிப்பதற்குள் இருவரும் இருநூற்றுப் பதினாறு கல்லை எண்ணி முடித்தார்கள்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. பெரிய முழியன்களுக்கு நாற்பதுக்கு மேல்தான் வயது. தான் முன்பு எழுதியது தவறென்று ரீனா தன் பெயரிலேயே திருத்தம் எழுதி அனுப்பினாள். பிடிக்கும் அளவை மறுபடி பரிசீலிக்கப்போவதாகப் பதில் வந்தது. அதோடு அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள்: படம் எண்ணும் வேலையை மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து செய்யலாமா? லத்தீப் சரி என்றுவிட்டார்.

அதைச் சொல்ல அவள் மில்லுக்கே போன் செய்தாள். எந்திரச் சத்தத்தில் அவனுக்குப் பாதி கேட்கவில்லை.

"என்ன? எத்தனை நாளு?"

"பாதி மாசம்ங்க! பதினஞ்சு நாளு!"

"இரு, வெளிய வாரேன், மறுபடி சொல்லு" என்றான், கேட்டுவிட்டிருந்தும்.