எட்டுக் கை, மூன்று புத்தகம்

நூலகர் அம்மாள் மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்த டீயைத் தொடாமல், ஒரு காகிதத்தை ஓவியக்காரியின் பக்கம் நகர்த்தினார்.

“படிச்சுப் பாரும்மா. சிரிச்சுடாத. நீ சிரிச்சா எனக்கும் வந்துரும்.”

குழந்தைகள் பிரிவின் சுவரில் அவள் ஏணியே கதியென்று கிடந்து வரைந்த கடலடி நூலகத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுதிய புகார் அது. கண்ணாடி போட்ட மீன்களைப் பற்றியோ, தூங்கி விழும் நண்டைப் பற்றியோ அவருக்கு ஒன்றுமில்லை. ஆக்டோபஸ்தான் அவர் கண்ணை உறுத்தியது. ஓர் உறுப்பினர் ஒரு தடவைக்கு மூன்று புத்தகம்தான் எடுக்கலாம் என்று விதி இருக்க, அது கைக்கு ஒன்றாக எட்டு எடுத்துப் போகிறது. விதியை மதித்து நடப்பவர்களைக் கேலி செய்யும் இந்தப் படத்திலிருந்து ஐந்து புத்தகங்களை உடனே நீக்க வேண்டும்.

ஓவியக்காரி சிரித்துவிட்டாள். நூலகருக்குச் சிரிப்பு வரவில்லை.

“மேலிடத்துக்கும் ஒரு காப்பி போட்டிருக்காரு. புகாரை முடிச்சுட்டு மாடிப்படிச் சுவரைப் பத்திப் பேசலாம்னு சொல்லிட்டாங்க. அஞ்சை அழிச்சுரு. உனக்கும் நல்லது, எனக்கும் நிம்மதி.”

மாடிப்படிச் சுவரிலும் வரைவது அவளுடைய பல நாள் கனவு. ஆனால் ஆக்டோபஸும் லேசில் வந்ததல்ல. ஒவ்வொரு கையும் புத்தகத்தை ஒவ்வொரு விதமாகப் பிடித்திருக்கும்படி எத்தனை தடவை அழித்து அழித்து வரைந்திருக்கிறாள். புத்தகத்தைப் பிடுங்கிவிட்டால் அந்த ஐந்து கைகளும் பிச்சை கேட்பது போலல்லவா நிற்கும்?

வீட்டில் அக்காவிடம் புலம்பினாள்.

“சும்மா இருக்கற கைல குடையக் குடுத்துருடி.”

“கடலுக்கு அடியில குடையா?”

“ஆமா, அதுக்கும் ஒருத்தன் மனு போடுவான்.”

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் நீலத்தைக் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு, அக்குளில் மூன்று துப்பறியும் நாவல்கள்.

“நான்தான் எழுதிப் போட்டது. அழிக்கறீங்களான்னு பாக்க வந்தேன்.”

“நல்லாப் பாருங்க சார். உங்க புண்ணியத்துல இது இனிமே வெறுங்கை வீசிட்டு நிக்கும்.”

அவள் தூரிகையை நனைத்தாள். கை சுவருக்குப் போகவில்லை.

“அது எட்டு எடுத்தா உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?”

“எனக்கு நாலாவது தரலையேம்மா.” குரலில் கோபம் இல்லை. “வீட்ல சம்சாரத்துக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு படுக்கை. படிக்கறது ஒண்ணுதான் பொழுது. சனிக்கிழமை மூணு எடுத்துட்டுப் போனா செவ்வாய்க்கிழமையே முடிச்சுடுவா. நடுவுல எனக்கு லீவு கிடையாது. அப்புறம் படிச்சதையே படிப்பா. நான் சாப்பிட உக்காந்தா, கொலைகாரன் யாருன்னு முதல் பக்கத்துலயே சொல்லிடுவா.”

“அவங்க பேர்ல ஒரு கார்டு வாங்கலாமே?”

“நேர்ல வரணுமாம். ஊர்ல பாதி லிப்டு நான்தான் ரிப்பேர் பண்றேன். நாங்க இருக்கற மூணாவது மாடிக்கு லிப்டு கிடையாது.”

ஓவியக்காரி இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அவரோடு சேர்ந்து அவளும் ஆக்டோபஸை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுல அஞ்சு அதோட சொந்தப் புத்தகமா இருந்தா?”

“எப்படித் தெரியும்?”

“நீங்களே சொல்லுங்க.”

அவர் தன் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த வெள்ளை எண் சீட்டைத் தடவினார். “லைப்ரரி புத்தகம்னா இது இருக்கணும். மூணுல சீட்டு போட்டு, அஞ்சுல போடாம விட்டா சரி. சொந்தப் புத்தகத்த உள்ள கொண்டு வரலாம். போகும்போது கவுண்டர்ல காட்டிட்டுப் போகணும். விதில அவ்வளவுதான் இருக்கு.”

“மனு?”

“நான் வாபஸ் வாங்கிக்கறேன். மேலிடத்துக்கும் எழுதிடறேன்.”

அவர் பார்த்துக்கொண்டே நிற்க, மூன்று முதுகுகளில் வெள்ளைச் சீட்டு வரைந்தாள். நடுவிலுள்ளது கோணல் என்றார். துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகு தன் பையைக் கிளறி, அட்டைப்படம் வரைந்ததற்குப் பதிப்பகத்தார் கொடுத்த ஒரு குண்டு நாவலை எடுத்து நீட்டினாள்.

“நாலு கொலை சார். செவ்வாய்க்கிழமைக்குள்ள முடியாது.”

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் முதுகைத்தான் பார்த்தார்.

கவுண்டரில் நூலகர் மூன்று புத்தகங்களுக்கும் தேதி குத்தினார். புகார் எழுதியவர் நகரவில்லை. நான்காவதைத் தலைக்கு மேல் உயர்த்தி, சீட்டில்லாத முதுகை நூலகருக்குக் காட்டினார். பின்னால் நின்ற வரிசைக்கும் ஒரு தடவை திருப்பிக் காட்டினார். முத்திரை பிடித்த நூலகரின் கை அந்தரத்தில் நின்றது.