எட்டுச் சொட்டு

நான்காவது சொட்டிலேயே நீலம் மஞ்சளாகிவிட்டது. ஷிஃபானா அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை குலுக்கிப் பார்த்தாள். மஞ்சள்தான். தொட்டித் தண்ணீரில் பவளத்துக்கு வேண்டிய காரம் சரியாக இருந்தால் எட்டாவது சொட்டில்தான் நிறம் மாற வேண்டும். கண்ணாடிக்குள் பவளங்கள் இரண்டு நாளாக விரியாமல், மூடிய கைவிரல்களைப் போலச் சுருங்கிக் கிடந்தன. கோமாளி மீன் மட்டும் மூலையில் மேலும் கீழும் போய்வந்தது.

கணவன் றிஸ்வி கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன தொட்டி அது. அவளுடைய சீதன வீட்டின் முன்னறையில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டிருந்தது. கொழும்பில் தொட்டியிலேயே பவளம் வளர்க்கும் ஒருவரிடம் விரல்நுனி அளவுத் துண்டுகளாக வாங்கி வந்து கல்லில் ஒட்டினான். இவற்றைப் பெருக்கி, உப்புவெளிக் கடற்கரை விடுதிகளுக்குத் தொட்டி அமைத்துக் கொடுக்கும் கடை போட வேண்டும் என்பது அவன் எண்ணம். "இது பிழைச்சா நான் வந்திருவன், ஷிஃபா. பிழைக்காட்டி இன்னொரு கொந்தராத்துத்தான், இன்னும் ரெண்டு வருசம்" என்று புறப்பட்ட அன்று சொன்னான். அதன்பிறகு அவளுக்கு அது மீன்தொட்டியாகத் தெரியவில்லை. அவன் வரும் வழி அதற்குள் கிடந்தது.

தினமும் ஃபோனில் அவன் சொட்டுக் கணக்கைக் கேட்பான். முதலில் உண்மையைத்தான் சொன்னாள். ஆறு என்று சொன்ன அன்று அழைப்பு முழுவதும் ஏச்சு. "ஒரு தண்ணியப் பாக்க ஏலாதா உங்களுக்கு? வூட்டுல வேறென்ன வேல?" அடுத்த நாள் எட்டு என்றாள். அவன் குரல் அப்படியே இளகிவிட்டது. "என்ட மீனுக்குத் தீன் போட்டீங்க, நீங்க திண்டீங்களா?" என்று சிரித்தான். அதிலிருந்து தினமும் எட்டுதான். உப்பை அளக்கும் கருவி கைதவறி விழுந்து உடைந்ததையும் சொல்லவில்லை. அவன் வாங்கி வைத்திருந்த தூளைக் கரைத்து ஊற்றினால் எண்ணிக்கை ஏறும். இரண்டு நாளில் மறுபடியும் இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது என்று அவனிடம் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. இறங்கவில்லை என்றல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் அவளுக்கு விளங்கவில்லை. தண்ணீர் எப்போதும், அவன் கண்ணாடியில் கீறி வைத்த கோட்டுக்கு மேலே நின்றது. மாரி காலம், வெயில் இல்லை, வற்றவில்லை போல என்று நினைத்து, தினமும் ஒரு கோப்பை அள்ளி முற்றத்தில் ஊற்றிவந்தாள்.

குப்பியைக் கழுவிக்கொண்டு குசினியிலிருந்து திரும்பியபோது ஆமினா உம்மா தொட்டிக்கு முன்னால் நின்றாள். இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் மகள் வீட்டிலிருந்து காலையில் மருமகளை எட்டிப் பார்க்க வருவது மாமியின் வழக்கம். இன்று குடையைக்கூட மடக்காமல் வாசலில் போட்டிருந்தாள். ஒரு கையால் தொட்டி மூடியைத் தூக்கியிருந்தாள். மறுகையில் சோடாப் போத்தல். உதடுகள் அசைய, போத்தல் மெல்லச் சரிந்தது.

"மாமி! என்ன ஊத்துறீங்க?"

மாமி திடுக்கிட்டாள். "கத்தாத புள்ள. ஓதின தண்ணி. யாசீன் ஓதி ஊதினது."

"மீனுக்கா?"

"மீனுக்கு ஏன் நான் ஓதுறன்? மீனுக்குத்தான் நீ மருந்து மருந்தா ஊத்துறியே. உனக்குத் தலையிடியெண்டா இந்த வூட்டுல ஒரு பனடோல் இல்ல."

"எவ்வளவு நாளா?"

மாமி மூடியைச் சாத்தினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"அவனுக்கு வேல போன நாள்ள இருந்து" என்றாள். "கொம்பனிய மூடிட்டானுகளாம். ரெண்டு மாசமாகுது. ஆர்ட்டயோ ஒரு அறையில ஒண்டிக்கிட்டு இரிக்கான். ஷிஃபாவுக்குச் சொல்லாதீங்க உம்மா எண்டு அழுதான். ஓதின தண்ணிய அவன்ட வாயில ஊத்த எனக்கு ஏலுமா? போறதுக்கு முந்தி அவன் கை வெச்ச தண்ணி இதுதானே."

ஷிஃபானா தொட்டியின் கோட்டைப் பார்த்தாள். தினமும் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு கோப்பை உப்புத் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. ஒருத்தி மகனுக்காக ஊற்ற, மற்றவள் கணவனுக்காக அள்ள, நடுவில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறாகிக்கொண்டிருந்திருக்கிறது. வேலை நல்லாப் போகுது என்று அவன் சொன்ன ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்தது. இவள் எட்டு என்று சொன்ன அதே நாட்கள்.

"நான் சொன்னனெண்டு சொல்லிராத மகள்" என்றாள் மாமி. வெறும் போத்தலோடு மழையில் இறங்கிப் போனாள்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. வழமைபோல் குரல் மட்டும்.

"எத்தின இண்டைக்கு?"

"நாலு."

"எத்தின?"

"நாலு, மச்சான். எட்டே இல்ல. நான் பொய் சொன்னனான்."

ஏச்சுக்காகக் காத்திருந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது. அவள் வீடியோவுக்கான பொத்தானை அழுத்தினாள். நீண்ட நேரம் அவன் ஏற்கவில்லை. பிறகு ஏற்றான். சவரம் செய்யாத கன்னமும் ஒரு கண்ணும் திரையை நிறைத்தன. வேறொன்றும் தெரியாதபடி ஃபோனை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தான்.

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்றாள். "உங்கள முழுசாப் பாக்கணும்."

அந்தக் கண் இரண்டு முறை மூடித் திறந்தது. கை மெல்ல விலகியது. தோளுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். மேல்கட்டில் ஒன்றிலிருந்து யாருடையவோ இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பட்டப்பகல், வேலை நேரம். சப்பாத்து இல்லாத கால்கள், காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.