பால் ஆய்வகத்தில் ஒரு வீகன்

நான் வீகன் ஆகி பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் கிடையாது. வேலை பார்ப்பது பால் நிறுவனத்தில் என்பதுதான் சிக்கல்.

"நீச்சல் சொல்லிக் குடுக்கறவ தண்ணியில இறங்க மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்குடி" என்றாள் அக்கா.

நான் பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் பால் பவுடர்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டா என்ன சாப்பிடுவ? அந்தப் பாக்கெட்டையா?"

ஆய்வகத்தில் கொழுப்பு, அமிலம் எல்லாவற்றையும் கருவிகள் பார்த்துவிடும். ருசியை மட்டும் நாக்குதான் பார்க்க வேண்டும். டேங்கர் வந்து நின்றதும் அதிலிருந்து கொஞ்சம் பால் எடுத்துக் காய்ச்சி ஆற வைப்போம். முதல் மடக்கு எனக்கு. என்னைப் பார்த்தபடியே தலைமை அதிகாரி தன் மடக்கைக் குடிப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். அவர் நாக்குக்கு நிறுவனத்தில் அவ்வளவு மரியாதை. ஒருமுறை எனக்குக் கடைவாய்ப் பல்லில் கடும் வலி. அன்றைக்கு வந்த டேங்கரை, "லேசாப் புளிக்குது" என்று திருப்பி அனுப்பினார். எனக்குப் புளிப்பே தெரியவில்லை. அவர் நாக்கின் முன் என் நாக்கு உறை போடக்கூடக் காணாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? பேருந்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஆய்வகத்தில் வாயையே திறக்கவில்லை. டம்ளரை மூடிய உதட்டில் சாய்த்தேன். வாசனையில் மனம் மாறிவிடக் கூடாதென்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன். தலையாட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். குடித்தார்.

"பிரமாதம்! வால்வைத் திறக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் மூச்சை இழுத்தேன். சோப்பு. டேங்கரைக் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் பாலை ஊற்றியிருக்கிறார்கள். துவைத்த துணி மாதிரி மணந்தது. அவர் டம்ளரைப் பார்த்தேன். காலி.

வால்வைத் திறந்தால் இந்தப் பால் தொட்டிக்குள் போய், அங்கே ஏற்கெனவே இருக்கும் பால் முழுவதும் கெடும். வாயைத் திறந்தால் என் வேலை.

"சார், திறக்க வேண்டாம். நான் குடிக்கல."

"என்னது?"

"குடிக்கற மாதிரி நடிச்சேன். நேத்துலருந்து பால் சாப்பிடறதில்ல சார். வீகன் ஆயிட்டேன். ஆனா இதுல சோப்பு வாசனை தூக்குது. உங்களுக்கு..."

அவர் முகம் வெளுத்தது. போனை எடுத்து, "நிறுத்துங்க" என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

"குடிக்காமலேயா தலையாட்டுனீங்க?"

"மன்னிச்சிருங்க சார். வேலைய விட்டுத் தூக்கிருவீங்களா?"

"உங்களத் தூக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

நாற்காலியில் உட்கார்ந்தார். காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலருந்து எனக்கு ருசியும் தெரியாது, வாசனையும் தெரியாது. உங்க மூஞ்சியப் பாத்துதாம்மா சொல்லிட்டிருக்கேன்."