சங்கு வண்டி

என் வீட்டுக்காரருக்கு மலை கிடைத்தது, எனக்குக் கார் கிடைத்தது. பாகம் பிரித்தவர் யாராக இருந்தாலும் கணக்கில் சுமார்தான். நான் கணக்கு டீச்சர், இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

எழுபதாம் வருஷம் கல்யாணம். ஆறாவது மாதமே அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார், ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர் வேலை. எட்டு வருஷம் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார், சுட்டுவைத்த முறுக்கு தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். எழுபத்தெட்டில் ஒரேயடியாகத் திரும்பியபோது அவருக்குப் பின்னாலேயே கப்பலில் ஒரு காரும் வந்தது. அங்கே பழைய வண்டியாக வாங்கியது, ஸ்டியரிங் இடது பக்கம். அதன் கம்பெனிப் பெயர் எங்கள் ஊர் வேங்கிக்காலில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. மூன்று வருஷம் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தோம். எண்பத்தொன்று கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறேன் என்று புறப்பட்டவர் வீடு திரும்பவில்லை.

ஆறு நாள் தேடினேன். அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் ஒரு கல் மண்டபத்தில் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வீட்டுக்கு வாங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த ஒரு வருஷத்தில் நாலு தடவை போனேன், நாலு தடவையும் மூடிக்கொண்டார். ஐந்தாவது தடவை போக மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆக, ஜெர்மனிக்கு எட்டு, எனக்கு மூன்று, மீதியெல்லாம் மலைக்கு. பிள்ளையும் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வடித்தவர்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு கம்மியாகப் போட்டாலும் மிஞ்சும். சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் இருந்தால் தப்பித்தேன், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆகாசவாணிச் செய்தி வாசிப்பவருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். தனியாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, விட்டுப்போனவர் அல்லவா வெட்கப்பட வேண்டும்.

கார் கீற்றுக் கொட்டகையில் மூன்று வருஷத்துக்கு மேல் கிடந்தது. அதன் மேல் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் மிளகாய் காயவைத்தாள். உடைந்த ஜன்னல் வழியாக அவளுடைய கோழி உள்ளே போய்ப் பின்சீட்டில் முட்டையிட்டது. "வித்துத் தொலைங்க டீச்சர், இரும்புக் கடைக்காரன்கூட வாங்கிக்குவான்" என்று வாரம் ஒருமுறை சொல்வாள். முட்டையை மட்டும் தவறாமல் வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

எண்பத்தைந்தில் அடி அண்ணாமலைப் பள்ளிக்கு மாற்றல் வாங்கினேன். எல்லோரும் மாற்றலைத் தடுக்க அலைவார்கள், நான் கேட்டு வாங்கினேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அவருடைய மண்டபம் இருந்தது. பஸ் கிடையாது, அதனால் காரைப் பழுது பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பஸ் இருந்தது. பஸ்ஸில் போனால் கூட்டத்தோடு கூட்டமாகப் போவேன். அந்தக் காருக்கு ஒரு குரல் இருந்தது, அந்தக் குரலை அவர் எங்கிருந்தாலும் மறக்க முடியாது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

செங்கம் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த முருகையனை வரவழைத்தேன். அவர் பானெட்டைத் திறந்தார். எலி ஒன்று குடும்பத்தோடு இறங்கி ஓடியது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா டீச்சர் இது, என்ஜின் பக்கத்துல சங்கு ஒண்ணு குந்திக்கினு கீது?"

அதற்கு டர்போ என்று பெயர். என்ஜின் கக்கும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும். வேகம் பிடிக்கும்போது அதிலிருந்து விசில் மாதிரி ஓர் ஊதல் கிளம்பும். என் வீட்டுக்காரர் ஒருநாள் காகிதத்தில் படம் போட்டு எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்கு முழுசாக விளக்கிச் சொன்ன விஷயம் அது ஒன்றுதான்.

வேலை நாலு மாதம் இழுத்தது. பெட்ரோல் டாங்கில் துரு செதில் செதிலாக வந்தது. பிரேக் நாலும் இறுகிப் போயிருந்தன. ஒயரை எலி தின்றிருந்தது, எலி விட்டதைக் கோழி கொத்தியிருந்தது. டயரையும் ஜன்னல் கண்ணாடியையும் மெட்ராஸ் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தோம். கிளட்ச் தட்டு ஏதோ வேனுடையது. சங்குக்குள் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது, அதே அளவில் கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் லேத்தில் கடைந்து போட்டார் முருகையன். லாரிக்காரர் என்று நான் கொஞ்சம் இளப்பமாக நினைத்திருந்தேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தது என்று பழைய காலண்டர் தாளில் சுற்றி எழுதிவைத்த மனிதரை அப்படி நினைத்தது என் புத்திகெட்டத்தனம்.

ஏப்ரலில் ஏரி வற்றிக் கிடந்தது. அந்தத் தரையில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கியர் மாற்றுவதை ஆடு மேய்ப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது லைசென்ஸ் கையில் இருந்தது.

காலையில் ஊருக்குள் நுழைந்து செங்கம் ரோடு வழியாகப் பள்ளிக்கூடம், மாலையில் குபேர லிங்கம் வழியாக வீடு. தினமும் மலையை முழுசாக வலம் வந்தேன், அதுவும் உட்கார்ந்தபடியே. அதற்குப் புண்ணியம் உண்டா என்று தெரியவில்லை, உண்டென்றால் எனக்கு வரவேண்டியது இன்னும் வரவில்லை. ஊர்க்காரர்கள் 'சங்கு வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடை வாசலில் ஒரு பெரியவர், "யாருக்கும்மா காலங்காத்தால சங்கு ஊதிக்கினு போறே?" என்று கேட்டார். "ரோட்டுல காலை நீட்டிக்கினு குந்தியிருக்கறவங்களுக்குத்தான்" என்றேன். மறுநாள் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டபம் வருவதற்கு நூறு கஜம் முன்னால் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிப்பேன். சங்கு உச்சத்தில் ஊதும். புளியமரத்துக் குருவியெல்லாம் பறக்கும். அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அசையமாட்டார். அடுத்த வளைவில் பள்ளிக்கூட வாசல், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மணியடிப்பதற்குள் உள்ளே ஓடுவேன். ஐந்து மாதம் அந்த முதுகைப் பார்த்தேன். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு இளைத்திருந்தார். சில நாள் கோபம் வரும், சில நாள் அழுகை வரும். அழுகை வந்த நாட்களில் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்திவிடுவேன்.

இதற்கிடையில் சங்கு இரண்டு தடவை கெட்டது. நீலப் புகை வரும், ஊதல் ஓலமாக மாறும். பிரித்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய் கரியாக உறைந்து புஷ்ஷைத் தின்றிருக்கும்.

"எண்ணெய் நல்லாத்தான் ஏறுது, அப்புறம் ஏன் கருவுதுன்னே தெரில" என்று முருகையன் தலையைச் சொறிந்தார். "சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. இந்தச் சங்கைக் கழட்டிப் போட்டுட்டு நேரா பைப்பு வச்சிட்டா வண்டி அது பாட்டுக்கு ஓடும். வேகம் கம்மியாயிடும், அவ்ளோதான். நீங்க இன்னா ரேஸுக்கா போறீங்க?"

"அது இருக்கட்டுங்க."

"சத்தம்தான் ஜாஸ்தி, வேற ஒரு பிரயோஜனமும் இல்லியே டீச்சர்."

"சத்தத்துக்குத்தாங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நல்ல மழை. வழக்கமான இடத்தில் மிதிக்கப் போனேன். நடு ரோட்டில் காவித் துணி தெரிந்தது. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அவர் நின்றிருந்தார். நான் பிரேக் போட்ட வேகத்தில் பின்சீட்டில் இருந்த பேப்பர் கட்டு முன்னால் வந்து விழுந்தது. நாலு வருஷமாக என்னென்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேனோ அதில் ஒரு வார்த்தைகூட அப்போது ஞாபகத்தில் இல்லை.

அவர் என் ஜன்னல் பக்கம் வந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பெரியவர் ஒருத்தருக்கு ராவெல்லாம் வாந்தி பேதி. நினைவு தப்பிட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும், தாயே."

தாயே.

எல்லாப் பெண்களையும் சாமியார்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அந்த எல்லாப் பெண்களில் ஒருத்தி இல்லையே. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போய் ஒரு கிழச் சாமியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் கிடத்தி, கிழவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பினேன். ஊர்வரைக்கும் மிதித்த காலை எடுக்கவில்லை. சங்கு விடாமல் ஊதியது. கண்ணாடியில் பார்த்தேன், ஒருமுறை அல்ல, பத்து முறை. அவர் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து பெரியவரை உள்ளே கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் இறங்குவதற்காக ஒரு காலைத் தரையில் வைத்தார். நான் சாவியைத் திருப்பக் கை வைத்தேன்.

"நிறுத்தாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு விநாடியில் என் மனசு எங்கெங்கேயோ போய்விட்டு வந்தது.

"டர்போ பயங்கரச் சூட்டுல இருக்கும்" என்றார். "உடனே நிறுத்தினா எண்ணெய் ஓட்டம் நின்னு உள்ளயே கருகிடும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அப்புறம் நிறுத்தணும். தினம் அங்க மிதிச்சு ஓட்டிட்டு, பள்ளிக்கூட வாசல்ல டக்குனு நிறுத்திடறீங்க. அதான் ஆடியில ஒருதரம் போச்சு, புரட்டாசியில ஒருதரம் போச்சு."

அப்படியானால் கேட்டிருக்கிறார். ஒருநாள் விடாமல் கேட்டிருக்கிறார். எந்த மாதத்தில் ஓலமிட்டது, எப்போது சரியானது, எந்த வாசலில் நான் சாவியைத் திருப்பினேன் என்பதுவரை அந்த முதுகுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் காதில் விழ வேண்டும் என்று நான் மிதித்த மிதிதான் சங்கைக் கருக்கியிருக்கிறது. முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அது அடங்குவதற்குள் ஆத்திரம் வந்தது. எண்ணெயைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதருக்கு என்னைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை.

"என்னை யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

என்னை நேராகப் பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண் என் கண்ணைச் சந்தித்தது. அதில் வெறுப்பும் இல்லை, மறதியும் இல்லை.

"தெரியுது தாயே" என்றார்.

மழை கார்க்கூரையில் விழுந்துகொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூடப் பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். ஆனால் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

"சரி, ராஜமாணிக்கம்" என்றேன். "பெரியவரைப் பாத்துக்க. கதவை மெதுவா சாத்து, கண்ணாடி புதுசு."

அவர் அப்படியே நின்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தலை குனிந்தபடி படியேறி உள்ளே போனார். நான் கூப்பிடவில்லை.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், கண்ணில் நீர் நிறைந்து முள் தெரியவில்லை. வாட்ச்மேன் குடையோடு வந்து குனிந்தார்.

"இன்னாம்மா, இங்க வண்டி நிக்கக்கூடாது. உள்ள போனவருக்காவ வெயிட் பண்றீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "யாருக்காகவும் இல்ல. வண்டி ஆறணும், ரெண்டு நிமிஷம்."